செக்குபந்தியில் எழுதப்படாத நாற்றம்

கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். பெற்றோர் வாணியம்பாடிக்கு அருகே பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறார்கள். "தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் கழிவுநீர்க் கால்வாயின் ஓரத்தில் வீடுகள் கூடுகின்றனவே தவிரக் குறையவில்லை. விலையும் வாடகையும் மலிவு என்று தெரிந்து வந்தவர்கள்தாமே அவர்கள்? இதில் ஏற்றத்தாழ்வு எங்கே வந்தது? என் அப்பாவும் நிலத்தை விற்றுவிட்டு, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் குப்பம் என்ற ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டருகே மனை வாங்க மறுக்கிறார். இது வெறும் பிடிவாதம்தானா?" என்பது அவர் கேட்டது.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். இந்த எல்லைப் பகுதியில் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவன். தமிழில் எழுதுவேன், தெலுங்குப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்வேன். யார் எந்த இடத்தை விட்டுப் போகிறார்கள், அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள், என்ன விலைக்கு வருகிறார்கள் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். ஆகவே "தெரிந்து வந்தவர்கள்" என்ற உங்கள் சொல்லை எனக்குப் பழகிய வழியில், அதாவது அவரவர் கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்று கேட்டு, சோதித்துப் பார்க்கிறேன்.

ஒரு நிலத்தின் நான்கு எல்லைகளையும் பத்திரத்தில் குறிப்பதைச் செக்குபந்தி என்போம். ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குப் பத்திரங்களிலும் இதே சொல்தான் வழங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் 40 சென்ட் நிலத்தைக் கிரயம் கொடுக்க வந்தார். அவர் கொண்டுவந்த பழைய தாய்ப்பத்திரத்தில் வடக்கு எல்லை "ஓடை" என்று இருந்தது. நான் பார்த்துப் பழகிய இடம் அது. மழை பெய்யாத மாதங்களில் அந்த ஓடையில் ஓடுவது சாம்பல் நிறத்தில் நுரைத்த கழிவுநீர் மட்டுமே. சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்ததுபோல் ஒரு வாடை, சட்டையில் ஏறினால் இரண்டு துவையலுக்குப் பிறகுதான் போகும். வாங்க வந்தவர் "கழிவுநீர்க் கால்வாய் என்று எழுதுங்கள்" என்றார்; அதைச் சொல்லிச் சொல்லியே அவர் விலையைக் குறைத்திருந்தார், பேசியது பத்திரத்திலும் இருக்கட்டும் என்று நினைத்தார் போலும். பெரியவர் "என் தாத்தா காலத்திலிருந்து ஓடைதான், ஓடை என்றே இருக்கட்டும்" என்றார். வருவாய்த் துறையின் அ பதிவேட்டைப் பார்த்தால் அது இன்றைக்கும் ஓடைப் புறம்போக்குதான். சட்டப்படி பெரியவர் சொன்னதே சரி. ஓடை என்றே எழுதினேன்.

அதே நிலம் பதிவேட்டில் நஞ்சை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் அப்படி வகைப்படுத்தப்பட்டது, இன்னும் மாறவில்லை. நேரில் போய் நின்றால் வரப்போரம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும்; தென்னையின் குருத்து சிறுத்திருக்கும்; கிணற்றில் தண்ணீர் இருக்கும், வாயில் வைக்க முடியாது. மாசு என்றதும் பலரும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை நினைக்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் பகுதி விவசாயியின் முதல் எதிரி சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது. தொழிற்சாலையில் ஊறவைத்து அலசும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறுகிறது. கரைந்துவிட்ட உப்பை வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் பிரிப்பதில்லை, அதைப் பிரிக்கும் முறைகளோ செலவு மிக்கவை. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டபோதும் உப்பும் சுண்ணாம்பும் இருந்தன, நாற்றமும் இருந்தது. 1970களில் பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்த பிறகு குரோம் முறை பெருகியது. அளவும் வேகமும் கூடின. பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே இருக்கிறது. ஓடுகிற ஆறாக இருந்தால் கழிவைக் கொஞ்சமாவது கரைத்துக் கொண்டுபோய்க் கடலில் விட்டிருக்கும். இது உள்வாங்கிக்கொண்டு கிணறுகளுக்குக் கொடுத்துவிடுகிறது.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். அதற்கு மரியாதையான ஒரு முன்னோர் உண்டு. சார்ல்ஸ் டீபூ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1956இல் சொன்னது இது: மக்கள் தமக்கு எந்த வசதி எவ்வளவு வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் பார்த்து ஊர் மாறுகிறார்கள், கால்களால் வாக்களிக்கிறார்கள். மாசும் அப்படியே விலையில் ஏறிவிடுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் 5 மாநிலங்களில் நச்சுப் பொருள் வெளியிடும் சுமார் 1,600 ஆலைகள் திறந்ததையும் மூடியதையும் வைத்து 2015இல் வெளியான ஆய்வு, ஆலை திறந்தால் அரை மைல் சுற்றளவில் வீட்டு விலை 11 சதவீதம் இறங்குகிறது என்று கண்டது. விலை இறங்கினால் வசதி உள்ளவர் விற்றுவிட்டுப் போவார், வசதி குறைந்தவர் அந்த விலைக்கு வருவார். ஏமாற்றும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை. சந்தை தானே பிரித்துவைக்கிறது என்பது இந்தப் பார்வை. இது முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். என் மேசையிலும் இது நடக்கப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு முன்நிபந்தனை சொல்லாமலே ஒளிந்திருக்கிறது: போகிறவரிடம் விற்க ஏதாவது இருக்க வேண்டும். கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஓடைப் புறம்போக்கிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் இருக்கிறார்கள். வீடு இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, புறம்போக்கை ஆக்கிரமித்ததற்காக ஆண்டுக்கொரு முறை வருவாய்த் துறை கொடுக்கும் பி மெமோ என்ற அறிவிப்பு இருக்கிறது; பட்டா இல்லை. "வீட்டை விற்க வேண்டும், ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று அவர்கள் வரும்போது என்னால் எழுத முடிவது "அனுபவ பாத்தியதை விட்டுக்கொடுத்தல்" என்ற வகையில் ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அதைப் பதிவு செய்ய முடியாது. வங்கி அதை வைத்துக் கடன் கொடுக்காது. நீதிமன்றத்தில் அதன் வலு என்னவென்று எனக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். வீடு கட்டப் போட்ட செங்கல், சிமெண்டுக்கான விலைகூட அதில் தேறுவதில்லை. இடம் மாறுவது என்பது அவர்களுக்கு இருப்பதை விட்டுவிட்டுப் போவது.

இரண்டாவது பகுதியினருக்கு நிலமும் உண்டு, பத்திரமும் உண்டு. விற்கும் உரிமைக்குத்தான் வேலி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவாகத் தாழ்த்தப்பட்டோருக்கு 1892 முதல் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு, பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன் பின்னும் அதே வகுப்பினருக்கே விற்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஆந்திரத்தில் ஒப்படைப்பு நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்க 1977ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஏழையின் நிலத்தை வசதி உள்ளவர் அடித்துப் பறிக்கக்கூடாது என்பதற்காக வந்த நல்ல வேலிகள் இவை; இவை இருந்தும் எவ்வளவு நிலம் போய்விட்டது என்பது வேறு கதை, அதை நான் இங்கே தொடவில்லை. நான் சொல்ல வருவது, தண்ணீர் கெட்டுப்போன பிறகு அந்த வேலி உள்ளே இருப்பவரையும் வெளியே விடுவதில்லை. அக்கம்பக்கத்து ஏழைக்குத்தான் விற்கலாம். அக்கம்பக்கத்து ஏழைக்கும் அதே கிணற்றில்தான் தண்ணீர்.

மூன்றாவதாக முழுப் பட்டாதாரர். உங்கள் அப்பாவைப் போன்றவர். இவரால் விற்க முடியும். ஆனால் அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் நிர்ணயிக்கப்படுகிறதே தவிர வாடைக்கு நிர்ணயிக்கப்படுவதில்லை. சந்தையில் கேட்கும் விலை அதற்குக் கீழே போய்விட்டாலும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வழிகாட்டி மதிப்புக்கே கட்டவேண்டும். குறைத்துக் காட்டினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் ஆவணம் விசாரணைக்குப் போய்விடும். வாங்குகிறவர் அந்தக் கூடுதல் செலவையும் விற்பவர் தலையிலேயே இறக்குவார். மேட்டுத் தெருவில் ஒரு மனைக்கு நான்கு பேர் விலை கேட்கும்போது, கால்வாய் ஓர நிலத்துக்கு ஒருவர் வருவார், அவரும் பெரும்பாலும் பக்கத்துத் தொழிற்சாலையோடு தொடர்புடையவராக இருப்பார். கெடுத்தவரே கெட்ட விலைக்கு வாங்குவதை நான் கைப்பட எழுதியிருக்கிறேன். சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

எது முதலில் வந்தது, ஆலையா வீடா என்ற கேள்வியைச் சட்ட அறிஞர்கள் நீண்ட காலமாக விவாதிக்கிறார்கள். அமெரிக்காவில் 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த இடத்தில் நச்சு மண் கொட்டும் குழி அமைத்ததை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு, குப்பைக் கிடங்குகளைத் திட்டமிட்டே அவர்கள் பக்கம் தள்ளுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1994இல் விக்கி பீன் என்ற சட்டப் பேராசிரியர் ஓர் எதிர்க்கேள்வி போட்டார்: கிடங்கு வந்த நாளில் அங்கே யார் இருந்தார்கள் என்று பாருங்கள்; கிடங்கு வந்த பிறகு விலை இறங்கி ஏழைகள் வந்து சேர்ந்திருக்கலாமே என்று. நியாயமான கேள்விதான். ஆந்திரத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 விடியலில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்தார்களே, அந்த ஆலை 1961இல் ஊருக்கு வெளியேதான் தொடங்கப்பட்டது. நகரம் பிற்பாடு அதைச் சுற்றி வளர்ந்தது. அங்கே வீடுகள் ஆலையிடம் வந்தன என்று சொல்லலாம். அப்படி வந்த மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் பாலாற்றங்கரையில் வரிசை வேறு. இங்கே காற்றைவிடச் சரிவுதான் முடிவு செய்தது. ஏரி மதகுக்கு நேர்கீழே உள்ள நல்ல நஞ்சையும் மேட்டு மனையும் ஊர்க்காரர்களிடம் இருந்தன. காலனி என்று இன்று நாம் சொல்லும் பகுதி பல ஊர்களில் தாழ்ந்த முனையில், வடிகால் போய்ச் சேரும் பக்கத்தில் அமைந்தது. தோல் தொழிலுக்குத் தண்ணீரும் வேண்டும், கழிவு வடிய இடமும் வேண்டும், கழுவி உலர்த்த ஆளும் வேண்டும்; மூன்றும் அந்த முனையில் கிடைத்தன. சாதி ஒதுக்கி வைத்த இடத்துக்கே ஆலையும் வந்தது, அங்கே இருந்தவர்களுக்கே வேலையும் கொடுத்தது. பீன் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் தெளிவு: வீடுதான் முதலில். இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று புகையைக் கிழக்கே தள்ளியதால் கிழக்குப் பகுதிகள் ஏழைப் பகுதிகளாயின என்றும், புகைபோக்கிகள் அணைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்த வேறுபாடு பல நகரங்களில் நீடிக்கிறது என்றும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் காலனியின் பள்ளம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. முதலாளிகள் எல்லோரும் நாற்றத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்பது உண்மையில்லை. தோல் வணிகத்தின் தலைமை இடம் சென்னைப் பெரியமேடு ஆன பிறகு பல குடும்பங்கள் அங்கே போய்விட்டன; பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டின் பழைய தெருக்களில் பள்ளிவாசலும் மதரசாவும் சொந்தபந்தமும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் வசதியான குடும்பங்கள் இன்றும் உண்டு. 1919இல் கல்லூரி தொடங்கிய ஊர் வாணியம்பாடி. அதை வெறும் தொழிற்பேட்டையாகப் பார்ப்பது தவறு. அவர்களும் அதே ஊரில்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் அதே தண்ணீரில் குடியிருக்கவில்லை. வாசலில் கேன் வண்டி நிற்கும், மாடியில் சுத்திகரிப்புக் கருவி ஓடும், சமையலுக்கும் அதே நீர். ஒரு கேன் 30 ரூபாய், நாளுக்கு 2 கேன் என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் காலனிக் குடும்பம் ஒரு கேன் வாங்கிக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, அரிசி கழுவுவதையும் குளிப்பதையும் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே முடித்துக்கொள்ளும். கால்வாய் ஓரத்தில் வாடகை பாதி என்பது உண்மை. மிச்சமானதில் எவ்வளவு கேனுக்கும், சொறி மருந்துக்கும், துணி சீக்கிரம் நைந்துபோவதற்கும் போகிறது என்று யாரும் கணக்கெழுதுவதில்லை. மலிவு என்று நீங்கள் சொல்வது வீட்டுக்காரரிடம் கொடுக்கும் தொகையை மட்டும்தான்.

ஏன் வருகிறார்கள் என்பதற்கும் வாடகையைவிட வலுவான காரணம் நேரம். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் நடந்து போய்ச் சேரவேண்டும். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகள் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பிப் பெண்களை அழைத்துப் போகின்றன. அதனால் அந்த வேலை செய்யும் பெண்கள் தங்கள் ஊரிலேயே இருக்க முடிகிறது. தோல் ஊறவைக்கும், சதை சீவும், கழிவுத் தொட்டி துப்புரவு செய்யும் வேலைகளுக்கு அந்த வசதி குறைவு. அவற்றுக்கு வெளிமாநிலத்தவர் வருகிறார்கள். அவர்கள் வாடகைக்குக்கூட இடம் தேடுவதில்லை, ஆலைக்குள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டில் தேடுவது? குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தல் என்ற பேச்சு அவர்களிடம் வரும்போது எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.

அதே ராணிப்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். நச்சு மிகுந்த ஆறு இணைதிறக் குரோமியம் கலந்த அந்தக் கழிவு மேட்டிலிருந்து மழைக்காலத்தில் மஞ்சள் நீர் கசியும். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டை பட்டியலிடப்பட்டது. ஆலை மூடினால் மாசு போய்விடும், பிறகு விலை ஏறும் என்று காத்திருந்த நிலக்காரர்களை எனக்குத் தெரியும். மூடிய ஆலையைத் தொட்டுக் கேட்க ஆளில்லை என்பதைத்தான் அவர்கள் கண்டார்கள்.

நீதிமன்றம் கைகொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில்தான் "மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்" என்ற கொள்கையும், கேடு வரும் என்ற ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்கவேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. ஆறு, ஏரிகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த புதிய தொழில்கள் கூடாது என்ற 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசாணையை நடைமுறைப்படுத்தவும் அது உத்தரவிட்டது. இருந்தவை பெரும்பாலும் அதற்கு முன்பே கரையில் உட்கார்ந்துவிட்டன. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் பழைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களாக 29,193 பேரை அடையாளம் கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9,200 ரூபாய்க்கும் குறைவு. அதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவையை ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்குச் சொல்லவேண்டி வந்தது. நிலம் உள்ளவருக்கு அந்தத் தொகையில் வேறிடத்தில் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது. இழப்பீடு என்பது இடம் மாறுவதற்கான முதலாக இருந்திருந்தால் இன்றைய குடியிருப்பு வரைபடமே கொஞ்சம் வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எல்லை தாண்டுவதைப் பற்றி. குப்பம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகவே எங்கள் பக்கத்தவர்களை ஈர்க்கிறது. பெங்களூர் போகும் ரயில் இருக்கிறது, தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, தோல் வாடை இல்லை. அதற்குப் பதில் கிரானைட் இருக்கிறது. கல் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் மனை வாங்கியவர் ஒருவர், "அங்கே மூக்கு, இங்கே நெஞ்சு" என்றார். சித்தப்பா வீட்டருகே என்கிறீர்கள். பட்டறை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் எல்லை ஒரே உயரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிச் சான்று உள்ள குடும்பம் ஆந்திரத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது. பிறந்த மாநிலத்தில் உள்ள தகுதி குடிபோன மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய, குடும்பத் தலைவிக்கான உரிமைத் தொகை நின்றுவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் நடுவில் தெலுங்கு வழிக்கோ ஆங்கில வழிக்கோ மாறவேண்டியிருக்கும். உங்களைப் போலப் பெங்களூரில் சம்பளம் வாங்குபவரின் குடும்பத்துக்கு இவை சின்னத் தொல்லைகள். கால்வாய் ஓரத்துக் குடும்பத்துக்கு இவை சேர்ந்து, நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதைவிடப் பெரிய விலையாகிவிடுகின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பதில் ஒருபக்கமாகிவிடும். மாசு குறைந்தால் ஏழைகள் தப்பிப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கழிவை அடைத்து, கால்வாயைத் தூர்வாரி, மேலே சாலை போட்ட ஓர் இடத்தில் நான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வரிசையாகக் கிரயம் எழுதினேன். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள். புறம்போக்கில் இருந்தவர்களுக்கு ஆக்கிரமிப்பு அகற்றும் அறிவிப்பு வந்தது, நாறிய காலத்தில் வராத அறிவிப்பு. பட்டா இருந்த நான்கைந்து குடும்பங்களுக்கு மட்டுமே அந்தச் சுத்தத்தின் பலன் கிடைத்தது. தூய்மைப் பணிக்கு முன்பே குடியிருப்போருக்குப் பட்டா கொடுக்கவேண்டும் என்று நான் பேசுமிடமெல்லாம் சொல்வதற்கு இதுதான் காரணம். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்கக்கூடாது என்ற நீதிமன்ற ஆணைகள் இருப்பதால், அவர்களுக்கு அருகிலேயே மாற்றிடம் கொடுப்பதுதான் வழி.

இனி உங்கள் அப்பா. அவருக்கு வயது என்ன, கிணறு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவருடைய கணக்கை என்னால் ஊகிக்க முடிகிறது. பதிவேட்டில் நஞ்சையாக இருக்கும் நிலத்தை இன்றைய சந்தையில் விற்றால் குப்பத்தில் ஒரு மனையின் பாதி வரும். மீதியை நீங்கள் போடவேண்டும். அதன் பிறகு அவர் தன் நிலத்தில் இருப்பவராக இல்லாமல் மகன் வாங்கிய வீட்டில் இருப்பவராகிவிடுவார். இதைப் பிடிவாதம் என்று நான் எழுதமாட்டேன். அவரை அழைத்துப்போக விரும்பினால், நிலத்தை விற்கும் பேச்சை எடுக்காதீர்கள். நிலம் அவர் பேரிலேயே இருக்கட்டும், மனையையும் முடிந்தால் அவர் பேரிலேயே வாங்குங்கள்; ஆடி, ஐப்பசியில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அது அருகில்தான் இருக்கிறது. மனை பார்க்கப் போகும்போது ஒரு முறை பகலிலும், ஒரு முறை மழை பெய்த இரவிலும் போங்கள். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். மேற்கே என்ன இருக்கிறது, மேட்டில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், தரகரைக் கேட்காதீர்கள். ஒருநாள் அவரே நிலத்தை விற்க மனம் வைத்தால் தாய்ப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரட்டும், எழுதித் தருகிறேன். வடக்கே என்ன எழுத வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.